மீன் கல்லாக உறைந்திருக்கிறது, மாவு பொங்கி வழிகிறது: பாட்டம் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்ந்துவிட்டதா?

சாரல்காற்று, செங்கோட்டை — ஜூலை 4

அனைவருக்கும் வணக்கம். நான் செங்கோட்டையில் வசிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, முட்டுவலியால் குனிய முடியாத என் மாமியாருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, அன்றாடம் எடுக்கும் பொருள்கள் மேலேயும் ஃப்ரீசர் கீழேயும் அமைந்த பாட்டம் ஃப்ரீசர் வகை ஃப்ரிட்ஜைத் தேடி வாங்கினோம். மூன்றரை ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

மே மாத இறுதியில் மேல்பகுதியில் குளிர் குறைந்தது. இரவு 9 மணிக்கு உள்ளே வைத்த இட்லி மாவு, விடியும்போது மூடியைத் தூக்கிக்கொண்டு தட்டில் வழிந்திருந்தது. மாலையில் காய்ச்சி வைத்த பால் காலையில் திரிந்தது. ஆனால் கீழே ஃப்ரீசரில் வைத்திருந்த மீன் கல்லைப் போல உறைந்தே இருந்தது. பழுது பார்க்க வந்தவர் கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் தீர்ந்துவிட்டது என்று கூறிக் கடைக்கு எடுத்துச் சென்று, மறுநாள் மாலை கேஸ் ஏற்றித் திருப்பித் தந்தார். சரியாக மூன்று வாரம் நன்றாக ஓடியது. இப்போது மீண்டும் அதே மாவு, அதே பால். மறுபடியும் கேஸ் ஏற்ற வேண்டும் என்கிறார்.

கேஸ் இல்லையென்றால் கீழே மட்டும் எப்படி உறைகிறது என்று கேட்டேன். அவரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. இன்னொரு முறை பணம் கொடுப்பதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை நானே புரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கருவிப்பெட்டி, களியக்காவிளை — ஜூலை 5

டீச்சர், வணக்கம். நான் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எல்லைக்கு இப்பால் மார்த்தாண்டம் வரைக்கும், அப்பால் பாறசாலை வரைக்கும் வீடுகளுக்குச் சென்று வேலை செய்கிறேன். நீங்கள் பழுது பார்த்தவரிடம் கேட்ட கேள்வி மிகச் சரியானது. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கேஸைப் பற்றி. அது வண்டிக்குப் போடும் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. கம்ப்ரசர், பக்கச் சுவர்த் தகடுகளுக்குள் ஓடும் வெப்பக் குழாய், மெல்லிய கேப்பிலரிக் குழாய், ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும் காயில் என்ற மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் ஃப்ரிட்ஜின் ஆயுள் முழுவதும் சுற்றிவருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

இரண்டாவது, குளிர் எங்கே பிறக்கிறது என்பது. உங்கள் வகை ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் குளிரூட்டும் காயில் ஒன்றே ஒன்றுதான். அது கீழே, ஃப்ரீசரின் பின்தட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. அதற்கு மேலே ஒரு சிறிய விசிறி இருக்கிறது. அந்த விசிறி காயிலின் ஊடாகக் காற்றை இழுத்து, ஒரு பங்கை ஃப்ரீசருக்குள்ளும், மற்றொரு பங்கைப் பின்சுவருக்குள் செல்லும் காற்றுப் பாதை வழியாக மேல்பகுதிக்கும் அனுப்புகிறது. மேலே போகும் காற்றின் அளவை டேம்பர் என்னும் சிறு கதவு கட்டுப்படுத்துகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது இறங்குமே தவிரத் தானாக ஏறாது. ஃப்ரீசர் மேலே இருக்கும் வகையில் விசிறி சற்றுத் தளர்ந்தாலும், குளிர் இயல்பாகக் கீழே இறங்குவதால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பாட்டம் ஃப்ரீசரில் அந்தச் சலுகை கிடையாது. காற்றோட்டம் எந்தக் காரணத்தால் தடைபட்டாலும் முதலில் அடிபடுவது மேல்பகுதி. காயிலை ஒட்டியிருக்கும் ஃப்ரீசர் கடைசி வரை உறைந்தபடியே இருக்கும். உங்கள் வீட்டில் மீன் கல்லாகவும் மாவு பொங்கியும் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

காற்றோட்டத்தைத் தடுப்பது எது என்றால், விசிறி நின்றிருக்கலாம், டேம்பர் மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது காயில் முழுவதும் பனி மூடியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதையே நான் மிகுதியாகப் பார்க்கிறேன். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே நுழையும் ஈரம் காயிலில் பனியாகப் படிகிறது. அதை உருக்குவதற்காகக் காயிலோடு ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பழைய மாடல்களில், கம்ப்ரசர் ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு ஹீட்டரை 20 அல்லது 30 நிமிடம் போடும். புதிய மாடல்களில் இந்த வேலையை எலக்ட்ரானிக் போர்டு செய்கிறது. காயிலின் மேல் பொருத்தியிருக்கும் பைமெட்டல் என்ற சிறு தெர்மோஸ்டாட், கடும் குளிரில் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு, பனி உருகிப் பூஜ்யத்துக்கு மேல் சில டிகிரி வந்ததும் துண்டித்துவிடும். அதுவும் தவறி வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறினால், 70 டிகிரியை ஒட்டி அறுந்துவிடும் ஒரு ஃப்யூஸ் கடைசிக் காவலாக இருக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் பனி உருகாது. நாள்தோறும் ஏறும் பனி இரண்டு மூன்று வாரங்களில் காயிலின் இடுக்குகளை அடைத்துவிடும்.

இப்போது அந்த மூன்று வாரக் கணக்கு உங்களுக்கே விளங்கியிருக்கும். ஃப்ரிட்ஜைக் கடைக்கு எடுத்துச் சென்றபோது அது ஒரு நாளுக்கு மேல் அணைந்தே கிடந்திருக்கிறது. பனி தானாக உருகி ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் குளிர்ந்தது, கேஸ் ஏற்றியதால்தான் என்று எல்லோரும் நம்பிவிட்டோம். உங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் ஆரியங்காவு வழியாகச் சாரல் காற்று வீசத் தொடங்கினால் துவைத்த துணி மூன்று நாள் காயாது அல்லவா, அந்த ஈரம் முழுவதும் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகிறது. அதனால்தான் மறுபடியும் மூன்றே வாரத்தில் அடைத்துக்கொண்டது.

ஆகவே, யார் கேஸ் ஏற்றச் சொன்னாலும் அதற்கு முன்னால் காயிலின் மேல் படிந்திருக்கும் பனியைப் பார்த்துவிடுங்கள். காயில் முழுவதும் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் பழுது, அதாவது பனியை உருக்கும் ஏற்பாட்டில் பழுது; கேஸ் இருக்கிறது. நுழைவுப் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று வளைவுகளில் பனி படிந்து, மற்றவை வெறுமையாக இருந்தால், அப்போது கேஸ் குறைவைப் பற்றிப் பேசலாம். அந்த நிலையில் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், ஃப்ரீசரிலும் குளிர் குறையும். பனியே இல்லாமல் காயில் வெறுமையாக இருந்தால் கம்ப்ரசரின் பக்கம் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன்பு ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஃப்ரீசர் டிராயர்களை வெளியே எடுத்துவிட்டு, பின்தட்டின் காற்றுத் துவாரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டு இறுகியிருந்தால் இழுக்காதீர்கள், பனி பிடித்திருக்கிறது என்று பொருள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதையும் பனிக்குள் செலுத்தாதீர்கள். காயில் மெல்லிய அலுமினியம்; ஒரு கீறல் போதும், இல்லாத கேஸ் கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

பனங்காடு, கொழிஞ்சாம்பாறை — ஜூலை 6

கருவிப்பெட்டி அண்ணாச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் பாட்டம் ஃப்ரீசர்தான். ஆனால் எங்களுக்கு வந்த தொல்லை வேறு. மேலே குளிர் நன்றாக இருக்கிறது. கீழே, கடைசி டிராயருக்கு அடியில் ஃப்ரீசரின் தரையில் கண்ணாடியைப் போல ஒரு பனிப்பாளம் உருவாகிறது. நாளடைவில் அது டிராயரைத் தூக்கிவிடுவதால் டிராயர் முழுவதும் உள்ளே போகாமல், கதவும் அரை விரல் அளவு திறந்தபடியே நிற்கிறது. அதன் பிறகு முன்பக்கப் பொருள்களின் மேலெல்லாம் பூத்தூவியது போல வெண்பனி படிகிறது. சுத்தியலால் தட்டி உடைக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் தடுத்துவிட்டேன். இதுவும் ஹீட்டர் பழுதா?

கருவிப்பெட்டி, களியக்காவிளை — ஜூலை 6

தடுத்தது நல்லது. உங்கள் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. அது உருக்கிய தண்ணீருக்குத்தான் வெளியேற வழி இல்லை. காயிலுக்குக் கீழே ஒரு தகரத் தொட்டியும், அதன் நடுவில் ஒரு துளையும் உண்டு. உருகிய நீர் அந்தத் துளையிலிருந்து குழாய் வழியாக இறங்கி, பின்புறம் கம்ப்ரசரின் மேல் வைத்திருக்கும் தட்டில் விழுந்து, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிவிடும். ஃப்ரீசர் மேலே இருக்கும் வகையில் இந்தத் துளை அடைத்தால் தண்ணீர் கீழே காய்கறிப் பெட்டியில் சொட்டும். பாட்டம் ஃப்ரீசரில் அது விழுமிடமே உறைநிலையில் இருப்பதால் பனிப்பாளமாகிவிடுகிறது.

ப்ளக்கைக் கழற்றிப் பாளத்தை உருகவிட்டு, பின்தட்டை எடுத்து, அந்தத் துளைக்குள் வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். அப்பளத் துணுக்கு, கறிவேப்பிலை, பிளாஸ்டிக் உறையின் கிழிசல் என்று எதுவும் அடைத்திருக்கலாம். பின்புறத் தட்டில் தண்ணீர் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடுங்கள். குழாயின் கீழ்நுனியில் வாத்தின் அலகைப் போன்ற ஒரு ரப்பர் வாய் இருந்தால் அதையும் கழற்றிக் கழுவுங்கள். தூசி படிந்து அது ஒட்டிக்கொள்வதும் வழக்கம்.

முன்பக்கப் பூம்பனி என்பது தனிக் கதை. பின்தட்டுக்குப் பின்னால் வளரும் பனி டிஃப்ராஸ்ட் பழுதைக் காட்டும். முன்னால், கதவோரத்தில், பொருள்களின் மேல் வளரும் பனி வெளிக்காற்று நுழைவதைக் காட்டும். பாளத்தை நீக்கியும் அது வந்தால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தால், ரப்பர் பிடிக்கும் இடத்தில் இழுவை தெரியும், தளர்ந்த இடத்தில் தாள் வழுக்கிக்கொண்டு வரும். அழுக்கினால் தளர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி சரியாகும்.

சாரல்காற்று, செங்கோட்டை — ஜூலை 8

நேற்று முழுவதும் இதிலேயே சென்றது. மின்வேலை தெரிந்த என் சித்தப்பா மகன் உடனிருந்தான். ஃப்ரீசரில் இருந்த மீனை அன்றே குழம்பு வைத்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்தோம். உருகிய மீனை மறுபடியும் உறைய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

டிராயர்களை எடுத்துவிட்டு டார்ச் அடித்தபோதே துவாரங்களுக்குள் வெள்ளைச் சுவர் தெரிந்தது. தட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றியும் அது அசையவில்லை. கதவுகளைத் திறந்து வைத்து, எதிரே நிற்கும் விசிறியைப் போட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தோம். ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்துத் தட்டு தானாகவே கையோடு வந்தது. காயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே பனி. விசிறி இறக்கையின் ஒரு முனையும் பனிக்குள் சிக்கியிருந்தது; இரவில் கேட்ட கரகரச் சத்தத்திற்கு அதுதான் காரணம் போலும். நான்கு துண்டுகள் நனைந்து பிழியும் அளவுக்குத் தண்ணீர் வந்தது. நான் இதுவரை கேஸுக்காகக் கொடுத்த பணத்தை நினைத்து வருந்தினேன், மறைக்க விரும்பவில்லை.

இப்போது ஃப்ரிட்ஜ் மீண்டும் ஓடுகிறது, மேலேயும் குளிர்கிறது. ஆனால் இது இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் என்று தெரியும். ஹீட்டர், பைமெட்டல், ஃப்யூஸ் மூன்றில் எது பழுது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? தம்பியிடம் மல்டிமீட்டர் இருக்கிறது.

மேட்டுச்சாலை, கம்பம் — ஜூலை 9

இவ்வளவு சோதனை தேவையில்லை என்பது என் கருத்து. எனக்கும் இதே பழுது வந்தது. பைமெட்டலைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு வயர்களையும் நேராக இணைத்து டேப் சுற்றினேன். இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. எங்கள் ஊரில் இந்த உதிரிபாகம் கிடைக்காமல் தேனி வரை சென்று, அங்கேயும் என் மாடலுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கிடைக்காத பொருளுக்காக ஃப்ரிட்ஜைத் தூங்க வைப்பது நியாயமா?

கருவிப்பெட்டி, களியக்காவிளை — ஜூலை 9

ஐயா, உதிரிபாகம் கிடைப்பதில் உள்ள துன்பத்தை நான் மறுக்கவில்லை; நானே நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைகிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியதை யாரும் பின்பற்றக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

பைமெட்டல் இருக்கும்போது, பனி பத்து நிமிடத்தில் உருகிவிட்டால் ஹீட்டர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். அதை நேராக இணைத்தால் டைமர் சொல்லும் அரை மணி நேரமும், உருக்கப் பனி இல்லாதபோதும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக் தட்டும் ஃபோமும். இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். நம் அடுப்பு எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்தது, தீப்பற்றக்கூடியது. உங்கள் வீட்டில் அந்த ஃப்யூஸ் இன்னும் சுற்றில் இருப்பதால் ஒரு காவலாவது மிஞ்சியிருக்கிறது. சிலர் அதையும் சேர்த்தே நேராக இணைத்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு தீப்பற்றவில்லை என்பதை வைத்து நான் எந்த வீட்டுக்கும் உறுதி கொடுக்க மாட்டேன். பாகம் வரும் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அணைத்து உருகவிட்டுப் பயன்படுத்துங்கள். அலுப்புத்தான், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

டீச்சர், சோதனைக்கு வருகிறேன். ப்ளக் கழற்றியே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள மாடலில் போர்டிலுள்ள கெப்பாசிட்டர் ப்ளக் கழற்றிய பின்பும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், ஆகவே போர்டின் பக்கம் கை வைக்க வேண்டாம். ஹீட்டரின் இணைப்பைக் கழற்றி ஓம் அளக்கச் சொல்லுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவோடு ஒத்துப்போக வேண்டும்: 230-ஐ 230-ஆல் பெருக்கி வரும் 52,900-ஐ வாட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 150 வாட் என்றால் சுமார் 350 ஓம். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. ஃப்யூஸ் எந்த நிலையிலும் இணைப்புக் காட்ட வேண்டும்.

பைமெட்டலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அறை வெப்பத்தில் அது இணைப்புக் காட்டாது. அதுவே அதன் இயல்பு. மேசையில் வைத்து அளந்துவிட்டுப் பழுது என்று முடிவு செய்யாதீர்கள். தண்ணீர்ப் பனிக்கட்டியும் போதாது, பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பனிக்கட்டியை நொறுக்கி, குச்சி ஐஸ் போடுகிறவர்கள் செய்வதைப் போலக் கல்லுப்பை அள்ளிக் கலக்குங்கள். அந்தக் கலவை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே எளிதாக இறங்கும். பைமெட்டலை ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, வயர் முனைகள் வெளியே இருக்குமாறு அதற்குள் 20 நிமிடம் புதைத்து வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம், நகரி — ஜூலை 11

ஆந்திரப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பாட்டம் ஃப்ரீசரில் மே மாதம் முழுவதும் மேலே, கீழே இரண்டிலுமே குளிர் குறைந்திருந்தது. ஐஸ்கிரீம் கரண்டியில் நிற்காமல் வழிந்தது. கம்ப்ரசர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, பக்கச் சுவர்களில் கை வைக்க முடியாத சூடு. கருவிப்பெட்டி அண்ணன் சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்தேன். காயிலில் மெல்லிய பனி சீராகப் பரவியிருக்கிறது, அடைப்பு இல்லை. கேஸ் குறைவு என்று நினைக்கலாமா? விசைத்தறி ஓடும் கூடத்தின் மூலையில், சுவரை ஒட்டி ஃப்ரிட்ஜ் நிற்கிறது.

கருவிப்பெட்டி, களியக்காவிளை — ஜூலை 12

பனி சீராகப் பரவியிருக்கிறது என்பதே கேஸ் இருக்கிறது என்பதற்குச் சான்று. நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் எனக்குக் காரணம் தெரிகிறது. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டுவதற்கு இடம் இல்லாவிட்டால் உள்ளே குளிராது. உங்கள் மாடலில் பின்புறம் அடியில் கம்ப்ரசரின் பக்கத்தில் வெப்பக் காயிலும் ஒரு விசிறியும் இருந்தால், தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத்தூசி கம்பளியைப் போல அதைப் போர்த்தியிருக்கும். ப்ளக்கைக் கழற்றி, பின் அட்டையை எடுத்து, மெல்லிய தூரிகையால் துடைத்துவிட்டு, அந்த விசிறி தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். காயில் பக்கச் சுவருக்குள்ளேயே இருக்கும் மாடல் என்றால் இருபுறமும் பின்புறமும் கையேட்டில் சொன்ன இடைவெளி கட்டாயம் தேவை. பக்கச் சுவர் இளஞ்சூடாக இருப்பதும், இரு கதவுகளுக்கு நடுவிலுள்ள சட்டம் சூடாக இருப்பதும் இயல்பு; வியர்க்காமல் இருக்க அங்கே வெப்பக் குழாயை ஓட்டியிருக்கிறார்கள். கை வைக்க முடியாத சூடு மட்டுமே இயல்பன்று.

ஃப்ரிட்ஜின் உள்ளே ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓரிரு ஆங்கில எழுத்துகள் இருக்கும். என் (N) என்றால் 32 டிகிரி வரை, எஸ்.டி. (ST) என்றால் 38 வரை, டி (T) என்றால் 43 வரை சுற்றுப்புற வெப்பத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டது என்று பொருள். கோடையில் 40-ஐத் தாண்டும் நகரியில், அதுவும் தறிகள் ஓடும் கூடத்தில், எஸ்.டி. வகுப்பு ஃப்ரிட்ஜ் திணறுவது அதன் குற்றமன்று.

தறிச்சத்தம், நகரி — ஜூலை 13

எஸ்.டி.தான். அட்டையைக் கழற்றியபோது தலையணை உறையில் கால்பங்கு நிரம்பும் அளவுக்குப் பஞ்சு வந்தது. துடைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைச் சமையலறைக்கு மாற்றியிருக்கிறேன். கம்ப்ரசர் நேற்றிரவு முதல்முறையாக நின்று நின்று ஓடுகிறது. நன்றி, அண்ணா. ஒரு சந்தேகம்: உண்மையாகவே கேஸ் கசிந்திருந்தால், ஏற்றுபவரிடம் நாம் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

கருவிப்பெட்டி, களியக்காவிளை — ஜூலை 14

இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பழைய ஆர் 12 வகைக் கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் உடன்பாடு செய்துகொண்ட பிறகு ஆர் 134ஏ வந்தது. இப்போது வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஆர் 600ஏ வந்திருக்கிறது. இதன் அளவு மிகக் குறைவு, பல ஃப்ரிட்ஜ்களில் 100 கிராமைக்கூட எட்டாது. எத்தனை கிராம் என்பது விவரச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே எடைத் தராசு வைத்து ஏற்றுகிறாரா என்று பாருங்கள். இன்னொரு நுட்பம்: ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் என்பதால், ஃப்ரீசர் காயிலுக்குள் ஓடும்போது அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகிவிடும். அந்தப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது கேஸ் வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே உறிஞ்சப்படும். ஈரம் கேப்பிலரியின் நுனியில் உறைந்து வழியை அடைக்கும். அதனால்தான் ஓட்டையை அடைத்த பிறகு, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்கம் பம்ப் போட்டுக் காற்றை முழுவதுமாக வெளியேற்றிவிட்டு ஏற்ற வேண்டும். ஃபில்டரும் மாற்றாமல், வேக்கமும் போடாமல், அரை மணி நேரத்தில் முடிகிற வேலை நிலைக்காது. பழைய கேஸை முழுவதும் வெளியேற்றாமல் மூடிய அறையில் பற்றவைப்பு விளக்கைக் கொளுத்துகிறவரை உடனே தடுத்துவிடுங்கள்.

மேட்டுச்சாலை, கம்பம் — ஜூலை 16

நான் இரண்டு நாள் யோசித்தேன். பின்தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஹீட்டருக்கு நேரே தட்டின் உள்பக்கம் பழுப்பேறி வளைந்திருந்தது. இதுவரை அதை நான் கவனிக்கவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டேன், மதுரையிலிருந்து பாகம் வரவழைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆனாலும் விற்கும் நிறுவனங்கள் சிறு ஊர்களில் இந்தச் சிறு பாகங்களை இருப்பு வைக்க வேண்டும் என்ற என் வாதத்தை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பனங்காடு, கொழிஞ்சாம்பாறை — ஜூலை 19

துளை அடைப்பு நீங்கிவிட்டது. அடைத்திருந்தது பாலிதீன் உறையின் ஒரு மூலை. ஃப்ரீசரில் வைக்கும் தேங்காய்த் துருவல் பொட்டலத்தினுடையது. இந்தப் பக்கத்துக் காற்று வெயில் காலத்தில் வறண்டும் மழைக்காலத்தில் ஈரமாகவும் வீசுவதால், கதவு ரப்பரையும் துடைத்துத் தாள் வைத்துச் சோதித்தேன். கீழ்மூலையில் மட்டும் வழுக்குகிறது. வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து நிமிர்த்திப் பார்க்கிறேன்.

சாரல்காற்று, செங்கோட்டை — ஆகஸ்ட் 10

மூன்று வாரத்தைத் தாண்டிய பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். ஹீட்டரில் 320 ஓம் காட்டியது. கணக்குப் போட்டால் 165 வாட், மேலே அச்சிட்டிருந்தது 160. ஃப்யூஸும் நன்றாக இருந்தது. பைமெட்டலை உப்புப் பனியில் 20 நிமிடம் வைத்தோம், அரை மணி நேரமும் வைத்தோம், மீட்டர் அசையவே இல்லை. தென்காசியில் கிடைக்காமல் திருநெல்வேலியிலிருந்து புதியது வாங்கி வந்தோம். பொருத்துவதற்கு முன்பே அதையும் அதே உப்புப் பனியில் வைத்துப் பார்த்தோம். ஐந்து நிமிடத்திற்குள் இணைப்புக் காட்டியது. ஜூலை 14 அன்று பொருத்தினோம்.

இன்றோடு 27 நாள். நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை இரவு முழுவதும் வைத்துப் பார்த்தேன், 4 டிகிரி. கீழே மைனஸ் 18. துவாரத்தில் டார்ச் அடித்தால் காயிலின் ஒவ்வொரு தகடும் தனித்தனியாகத் தெரிகிறது. சாரல் இன்னும் விடவில்லை, மாவு வைத்த அளவிலேயே இருக்கிறது.

முன்பு கேஸ் ஏற்றியவரை நேற்று வழியில் பார்த்து, நடந்ததைக் கோபமில்லாமல் சொன்னேன். மாலையில் அவரே வீட்டுக்கு வந்தார். பழைய பைமெட்டலைக் கேட்டார். எங்கள் சமையலறையிலேயே பனிக்கட்டியை நொறுக்கி, உப்பைக் கலந்து, தன் கையால் ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டுச் சென்றார்.

கருவிப்பெட்டி, களியக்காவிளை — ஆகஸ்ட் 10

மிகுந்த மகிழ்ச்சி, டீச்சர். ஒன்றை மட்டும் மறந்திருந்தால் இன்றே பாருங்கள்: பின்தட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஃபோம் பட்டை, விசிறியிலிருந்து மேலே போகும் காற்றுப் பாதையின் வாயோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். நனைந்து உரிந்திருந்தால் குளிர்காற்று ஃப்ரீசருக்குள்ளேயே ஒழுகி, மேலே 4 டிகிரி மெல்ல 7, 8 என்று ஏறத் தொடங்கும்.

சாரல்காற்று, செங்கோட்டை — ஆகஸ்ட் 11

பார்த்தேன். இடது மூலையில் இரண்டு அங்குலம் உரிந்திருந்தது, ஒட்டிவிட்டோம்.